மே மாதத்தில் சாகுரா கேட்கிறார்கள்

"அக்கா, டிக்கெட் போட்டாச்சு. மே பத்தாம் தேதி இறங்குதோம். சாகுரா எந்த ஊர்ல நல்லா இருக்கும்?"

திருநெல்வேலியிலிருந்து என் சித்தப்பா மகன் கேட்டது இது. குரலில் அவ்வளவு சந்தோஷம். நான் என்ன பதில் சொல்வேன்? டோக்கியோவில் அந்தச் செர்ரிப் பூ மார்ச் கடைசியில் பூக்கும். ஏப்ரல் முதல் பத்து நாளுக்குள் உதிர்ந்துவிடும். மே பத்தாம் தேதி மரமெல்லாம் பச்சை இலை மூடி நிற்கும். அவனோ பணம் கட்டிவிட்டான். கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சென்னையிலுள்ள ஒரு பயண நிறுவனம் கொடுத்த வண்ணத் தாளைப் படம் எடுத்து அனுப்பினான். முன் அட்டை முழுக்க இளஞ்சிவப்புப் பூ. 'சாகுரா ஸ்பெஷல்' என்று கொட்டை எழுத்து. கீழே பயணத் தேதி: மே 10 முதல் 16 வரை.

நான் டோக்கியோவின் கிழக்குப் பக்கம், எதோகாவா வட்டத்து நிஷிகசாயில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். இட்லி அரிசியும் உளுந்தும் நடந்து போய் வாங்கி வரலாம். அதனால் ஜப்பானுக்கு வருகிற சொந்தபந்தம் எல்லாருக்கும் என் வீடு ஒரு தங்கல். அவர்கள் வருவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வரவேண்டும், நான் வாழ்கிற நாட்டைப் பார்க்கவேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். என் ஆதங்கமெல்லாம் அவர்கள் கையோடு கொண்டுவருகிற பட்டியலைப் பற்றியது. பெரியம்மா வந்தாலும் அதே பட்டியல், கூடப் படித்த தோழி வந்தாலும் அதே பட்டியல். டோக்கியோ, ஃபூஜி மலை, கியோட்டோ, நாரா, ஒசாகா. ஆறு நாள். எந்த மாதமானாலும் மாறாது. எழுபது வயதுக்காரர்களுக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒன்றே.

சாகுரா நாடு முழுக்க ஒரே சமயத்தில் பூக்கிற பூ இல்லை. தெற்கே தொடங்கி வடக்கு நோக்கி நகர்ந்து போகும். டோக்கியோவுக்கென்று யாசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு மாதிரி மரம் வைத்திருக்கிறார்கள். வானிலைத் துறையின் அலுவலர் வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார். ஐந்தாறு பூ மலர்ந்திருந்தால் 'பூத்துவிட்டது' என்று அறிவிப்பார். தொலைக்காட்சிக்காரர்கள் அதற்காகவே சுற்றிக் காத்து நிற்பார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் மரம் முழுக்கப் பூ. பிறகு ஒரு பெருமழையோ பலத்த காற்றோ போதும், எல்லாம் தரையில். வடக்கே அஓமோரி மாநிலத்து ஹிரோசாகி கோட்டைப் பூங்காவில் ஏப்ரல் பிற்பாதி. கடல் தாண்டி ஹொக்கைடோவில் ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும். மே பத்துக்கு மேல் பூ வேண்டுமென்றால் அந்தத் தீவின் கிழக்குக் கோடிக்குத்தான் போகவேண்டும். அந்த ஊர்ப் பெயர்கள் எதுவும் எந்த வண்ணத் தாளிலும் கிடையாது.

கியோட்டோவில் சாகுரா பூத்த நாள்களின் குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. அரண்மனைக்காரர்களும் துறவிகளும் எழுதிவைத்த டைரிகளிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் திரட்டியவை. அந்தக் கணக்கில் 2021-ஆம் ஆண்டு முழுப்பூப்பு மார்ச் 26. அதற்கு முந்தைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. பூ முன்னே முன்னே போகிறது. நம் பள்ளிக்கூட விடுமுறை இருந்த இடத்தில் இருக்கிறது. இது தெரிந்துகொண்டே மே மாதத்துக்குச் சாகுரா விற்கிறவர்களை என்னவென்று சொல்வது? தெரியாமல் விற்கிறார்கள் என்றால் அது அதைவிட மோசம்.

மே மாதத்தில் ஜப்பானில் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் இவ்வளவு வயிறு எரியாது. அந்த மாதத்தில் எத்தனை இருக்கிறது! தோயாமா மாநிலத்தில் தாதேயாமா மலைப்பாதை ஏப்ரல் நடுவில் திறக்கும். குளிர்காலம் முழுக்கப் பெய்த பனியை வெட்டித்தான் பேருந்துக்கு வழி விடுவார்கள். 2,450 மீட்டர் உயரத்தில் முரோதோ என்ற இடத்தில், சாலைக்கு இரண்டு பக்கமும் பத்து மீட்டருக்கும் மேல் வெள்ளைச் சுவர். மே மாதமெல்லாம் நிற்கும்; அதன் அடியில் நடந்து போகலாம். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்த, சித்தப்பா மகனுடைய எட்டு வயதுப் பிள்ளை பனியைத் தொட்டதே இல்லை. அந்த மே மாதப் பயணத்தில் அவனுக்குப் பார்க்கக் கிடைத்ததோ ஒசாகாவில் மூன்று மணி நேரம் கடைத்தெரு.

அப்புறம் வயல். மே மாதம் இங்கே நடவு காலம். ரயில் நகரத்தைத் தாண்டினால் போதும், பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டி நிற்கும். மலையும் வானமும் அதில் தெரியும். முழங்கால் அளவு பூட்ஸ் போட்ட கிழவர் வரப்பில் நின்று மடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாமிரபரணிப் பாசனத்தில் நாற்றுக்கட்டு தூக்கி வளர்ந்த என் சித்தப்பா, அதே பயணத்தில் ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில் ஜன்னலில் அதைப் பார்த்து, "இறங்கிப் பாக்க முடியாதாம்மா?" என்று கேட்டார். முடியாது. அந்த வண்டி இரண்டேகால் மணி நேரத்தில் கியோட்டோ போய்ச் சேரும் வண்டி. நிகழ்ச்சி நிரலில் வயலுக்கு நேரம் ஒதுக்கவில்லை.

கியோட்டோவுக்கு ஒதுக்கியது எவ்வளவு? ஒரு பகல். 794-இல் தலைநகராகி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர் வாழ்ந்த ஊர். 1945-இல் அணுகுண்டுக்குக் குறித்த பட்டியலில் இருந்து, அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக நீக்கியதால் பிழைத்த ஊர். ஒரு பகலில் மூன்று இடம் காட்டுகிறார்கள். கின்காகு-ஜி என்ற பொன் மண்டபம், அராஷியாமா மூங்கில் தோப்பு, ஃபுஷிமி இனாரியின் செந்நிறத் தோரணங்கள். மூன்றும் படத்தில் அழகாக விழுகிறவை. மூங்கில் தோப்பு என்பது சில நூறு மீட்டர் பாதை. பகல் பத்து மணிக்கு மேல் போனால் மூங்கிலைவிடத் தலைகள்தான் அதிகம். இனாரியில் எல்லாரும் அடிவாரத் தோரணங்களில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 233 மீட்டர் மலை அது. முக்கால் மணி நேரம் ஏறினால் கூட்டம் கரைந்து, பாசி படிந்த சின்னச் சின்னக் கோயில்களும், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகளும், கீழே நகரமும் தெரியும். பேருந்து கீழே காத்துக்கொண்டிருப்பதால் ஏறவிடுவதில்லை. பொன் மண்டபம் 1950-இல் ஓர் இளம் துறவி வைத்த தீயில் எரிந்து, 1955-இல் மறுபடி கட்டியது. அதைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதைப் பார்க்கும்போது இந்தக் கதையையாவது சொல்லலாம் அல்லவா? வழிகாட்டி சொன்னது "இருபது நிமிஷம், போட்டோ" என்ற இரண்டு விஷயம்தான்.

அந்த ஊரிலேயே ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் சஞ்சூசங்கென்-தோ இருக்கிறது. 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே மரக்கூடம், 1266-இல் மறுபடி கட்டியது. உள்ளே ஆயிரத்தொரு கன்னோன் சிலைகள்; நடுவில் உள்ள பெரியதைத் தவிர மற்றவை ஆள் உயரத்தில், வரிசை வரிசையாக. கன்னோன் என்பது நம் அவலோகிதேஸ்வரர். முன் வரிசையில் இருபத்தெட்டு காவல் தெய்வங்கள்: பிரம்மா, இந்திரன், புல்லாங்குழல் ஊதும் கருடன், விலா எலும்பு தெரியக் கோலூன்றி நிற்கும் ஒரு முனிவர். நான் முதன்முறை அந்தக் கூடத்தில் நுழைந்தபோது கண் கலங்கிவிட்டது. காஞ்சிபுரத்துக்கும் இதற்கும் நடுவே எத்தனை கடல், எத்தனை பாலைவனம்! இருந்தும் அத்தனை முகமும் தெரிந்த முகமாக இருந்தது. இந்த இடம் ஏன் பட்டியலில் இல்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உள்ளே படம் எடுக்கக்கூடாது. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. படத்தில் வராத இடம் நம்மவர்களுக்கு இடமே இல்லை என்று ஆகிவிட்டது.

ஒசாகா கோட்டை விஷயம் இதைவிட மோசம். நல்ல பூங்கா, பெரிய அகழி, மதிற்கல் சில வீட்டுச் சுவர் அளவு, மறுக்கவில்லை. ஆனால் மேலே நிற்கிற மாளிகை 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட் ஓடுகிறது. ஜப்பானில் பழைய மாளிகை அப்படியே நிற்கிற கோட்டைகள் பன்னிரண்டே பன்னிரண்டு. அவற்றில் தலையானது ஹிமேஜி. 1609-இல் முடித்த மரக் கட்டடம். நானூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் பூகம்பம், போர்க்காலக் குண்டுவீச்சு எல்லாவற்றையும் தாண்டி வெள்ளை வெளேரென்று நிற்கிறது. 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, செங்குத்தான மரப்படிகளில் ஏறவேண்டும். அம்பு எய்யத் துளைகள், வளைந்து வளைந்து எதிரியைக் குழப்பும் பாதைகள். ஷின்-ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைத் தர மனமில்லாமல், கான்கிரீட் மாளிகையைக் காட்டி 'சாமுராய் கோட்டை' என்று சொல்லி அனுப்புகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அதே தடத்தில் போனால் ஹிரோஷிமா. பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படித்த ஊர். அதுவும் பட்டியலில் இல்லை.

நாராவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாராவுக்கு இரண்டு மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரம் மானுக்கு பிஸ்கட். மான்கள் அழகுதான்; ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, பக்கத்துக் கோயில் தெய்வத்தின் தூதர்களாக மதிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் பக்கத்திலேயே தோதாய்-ஜி இருக்கிறது. பதினைந்து மீட்டர் வெண்கலப் புத்தர். 752-ஆம் ஆண்டு அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் யார் தெரியுமா? போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து சீனம் வழியாக 736-இல் ஜப்பான் வந்து சேர்ந்த துறவி. நம் கோயில்களில் சிற்பி கடைசியாகக் கண் திறப்பதுபோல, பெரிய தூரிகையால் அவர் கருவிழியை வரைந்தார். தூரிகையில் நீளமான நூல்களைக் கட்டி, முடி துறந்த பேரரசர் ஷோமுவும் மற்றவர்களும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூரிகையும் நூலும் இன்றைக்கும் ஷோசோயின் என்ற அரசுக் கருவூலத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கருவூலத்துப் பொருள்களில் சிலவற்றை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள்.

நம் பக்கத்து மனிதர் ஒருவர் ஆயிரத்து இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே வந்து, இந்தப் பெரிய புத்தருக்குக் கண் கொடுத்திருக்கிறார். தமிழ் பேசுகிற நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து அவர் வேலை செய்த வாசலில் இறக்கிவிடுகிறவர்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை. என் சித்தப்பாவிடம் இரவு வீட்டில் நான் சொன்னபோது, "அப்படியா? நான் உள்ள போகவே இல்லயேம்மா, கால் வலிக்குன்னு மான் பக்கத்துல உக்காந்துட்டேன்" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாப்பாடு என்றொரு சிக்கல். நம் வீட்டுச் சைவக்காரர்களுக்கு ஜப்பானில் சாப்பாடு கஷ்டம் என்பது உண்மை. உலர்ந்த மீன் சீவலைக் கொதிக்கவைத்து எடுக்கும் 'தாஷி' என்ற சாறு மிசோ சூப்பிலும் உதோன் நூடுல்ஸிலும், காய்கறி வேகவைத்த குழம்பிலும்கூட இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பயண நிறுவனம் கண்ட வழி, ஆறு நாளும் இரண்டு வேளையும் வட இந்திய உணவகத்தில் பஃபே. பனீரும் நான் ரொட்டியும் தின்பதற்காகப் பேருந்து தினமும் ஒரு மணி நேரம் போக்குவரத்தில் ஊர்கிறது. அந்த ஒரு மணி நேரத்தை ஆறால் பெருக்கினால் ஹிமேஜிக்கும் சஞ்சூசங்கென்-தோவுக்கும் வேண்டிய நேரம் கிடைத்துவிடும்.

என் மாமியார் வந்தபோது நான் யாரையும் கேட்கவில்லை. அத்தை பரம்பரைச் சைவம். வெங்காயம், பூண்டுகூடத் தள்ளி வைத்திருப்பவர். அவர்களைக் கோயாசான் மலைக்கு அழைத்துப்போனேன். ஒசாகா நம்பாவிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில், பிறகு ஐந்து நிமிடம் கேபிள் கார். 800 மீட்டர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த ஒரு கோயில் ஊர். கூகாய் என்ற துறவி 816-இல் நிறுவியது. நூற்றுக்கு மேற்பட்ட மடங்களில் ஐம்பது போலப் பயணிகளைத் தங்கவைக்கின்றன. அங்கே பரிமாறுவது துறவிகளின் உணவு: மீன் இல்லை, இறைச்சி இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. சாறு எடுப்பது கடற்பாசியிலும் காளானிலும். எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிளறிய எள் தோஃபு, அந்த ஊர் பெயரிலேயே உள்ள உலர் தோஃபு, வகை வகையாகச் சின்னக் கிண்ணங்கள். அத்தை ஒவ்வொரு கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டார்கள். "இது நம்ம கோயில் மடப்பள்ளிச் சாப்பாடு மாதிரில்லா இருக்கு" என்றார்கள்.

விடியற்காலையில் மணி அடித்து, துறவிகள் மந்திரம் ஓதும்போது அத்தை கண்ணை மூடிக் கை கூப்பி உட்கார்ந்திருந்தார்கள். கல்லறைகள் இரண்டு லட்சத்துக்கு மேல் நிற்கிற ஓகுனோஇன் பாதையில், வானம் மறைக்கும் பழைய செதர் மரங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் மெல்ல நடந்தோம். கல்லில் செதுக்கியிருந்த சித்தம் எழுத்துகளைப் பார்த்து, "இது வடமொழி எழுத்தாம்மா?" என்று கேட்டார்கள். ஆமாம், வடமொழிக்கான பழைய எழுத்து. ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளியில் 'அ, இ, உ, எ, ஒ, க, கி, கு' என்று படிக்கிற அரிச்சுவடி வரிசையே இந்திய எழுத்து முறையைப் பார்த்து அமைந்ததுதான். கோயாசான் துறவிகளின் குருபரம்பரையில் கூகாய் எட்டாமவர்; ஐந்தாமவர் வஜ்ரபோதி. தென்னிந்தியர், பல்லவர்களின் காஞ்சியில் இருந்து, இலங்கை வழியாகக் கடலில் போய் 720 வாக்கில் சீனத்தை அடைந்தவர். அவருடைய சீடரின் சீடரிடம் படித்தவர்தான் கூகாய். கோயாசானில் வஜ்ரபோதியின் படத்தை வைத்து வணங்குகிறார்கள். காஞ்சியிலிருந்து வருகிறவர்களோ கோயாசான் என்ற பெயரைக் கேட்டதே இல்லை.

ஃபூஜி மலையை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. 3,776 மீட்டர், அதைப் பார்க்காமல் யாரும் திரும்பமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் மலைக்கும் நேரம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் காலை வேளையில் நிஷிகசாயிலிருந்தே, ஏதாவது உயரமான மாடியில் நின்றால், தெரியும். மே கடைசி தொட்டுக் கோடை முடியும்வரை பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். ஒரு நாள் பேருந்துப் பயணத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினால் வெள்ளை வானம்தான் கிடைக்கும். கடைசியில் ஒரு கடைக்குப் பின்னால் மலை தெரிகிற அந்தப் பிரபலமான படத்தை எடுக்கச் சாலையின் குறுக்கே ஓடுகிறார்கள். கவாகுச்சிகோ ஊர்க்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலையைக் கட்டி மலையையே மறைத்தார்கள். தங்கள் ஊர் மலையைத் தாங்களே மறைக்கிற நிலைக்கு அந்த மக்கள் வந்தார்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் அதே ஆண்டு சில சந்துகளுக்குள் வெளியார் நுழையத் தடை, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். அந்த ஆண்டு மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 69 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். அத்தனை பேரும் இந்த ஐந்தாறு இடத்திலேயே போய் மோதினால் அங்கே குடியிருக்கிற கிழவி மருத்துவமனைக்குப் போக எந்தப் பேருந்தில் ஏறுவாள்?

இந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு காடு. 35 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. கியூஷூ தீவில் ஆசோ என்றொரு எரிமலை வாய். வடக்குத் தெற்காக 25 கிலோமீட்டர். அந்த வாய்க்குள்ளேயே ஊர்களும் ரயில் தடமும் நெல் வயல்களும் இருக்கின்றன, நடுவில் மலை புகைந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் புல்வெளி. ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து பழைய புல்லைக் கொளுத்துவதால்தான் அது புல்வெளியாகவே நீடிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இளம்பச்சையாகத் துளிர்த்து நிற்கும். அதற்கும் தெற்கே யாகுஷிமா. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட செதர் மரங்களைத்தான் அங்கே 'யாகுசுகி' என்று அழைப்பார்கள், அதற்குக் குறைந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது. நாகானோ மாநிலத்துக் கமிகோச்சிப் பள்ளத்தாக்கில் சொந்தக் கார்களுக்கு அனுமதியே இல்லை. ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை மட்டும் திறந்திருக்கும். வயதானவர்கள்கூட ஆற்றோரமாகச் சமதரையில் மணிக்கணக்கில் நடக்கலாம். என் பன்னிரண்டு ஆண்டுகளில் ஊரிலிருந்து வந்த ஒருவர்கூட இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டதில்லை.

"ஒரே தடவதான் வாறோம், எல்லாத்தையும் பாத்துரணும்லா" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வராது, துக்கம்தான் வரும். அதில் இருக்கிற உழைப்பு எனக்குத் தெரியும். சித்தப்பா ஓய்வு பெற்ற பணம் அது. என் தோழி மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். ஒரே ஒரு தடவை என்பதால்தான் கெஞ்சுகிறேன்: ஐந்து ஊரை ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்சாய் பகுதி மட்டும் போதும். கியோட்டோவில் மூன்று இரவு, கோயாசானில் ஒரு இரவு, நாராவில் ஒரு முழுப் பகல், ஹிமேஜிக்கு ஒரு நாள். ஒசாகாவிலேயே விமான நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கி அங்கேயே ஏறலாம். டோக்கியோவுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. என்னைப் பார்க்கவேண்டும் என்றால் நானே ரயிலேறி வந்துவிடுகிறேன். நாடு முழுவதற்குமான ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோ-கியோட்டோ ஒரு வழிக் கட்டணம் சுமார் 14,000. போக வர மட்டும் என்றால் அந்தப் பாஸ் நஷ்டம். இன்னமும் அதைத் தலைக்கு ஒன்றாக வாங்கவைக்கிறார்கள்.

தேதியையும் முதலில் பாருங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை; ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது, அறை வாடகை எங்கோ போய் நிற்கும். ஜூன் தொடங்கியதும் மழைக்காலம். காலாண்டு விடுமுறையில் வரமுடிந்தால், வெப்பம் தணிந்து ஹொக்கைடோ மலைகளில் இலை சிவக்கத் தொடங்கியிருக்கும். அக்டோபர் நடுவில் நிக்கோ. கியோட்டோ சிவக்க நவம்பர் பிற்பாதி ஆகும். அரையாண்டு விடுமுறை என்றால் ஃபூஜி மலை துல்லியமாகத் தெரியும். டிசம்பர் கடைசி நாள்களுக்கு முன்பே அருங்காட்சியகங்களைப் பார்த்துவிடவேண்டும், புத்தாண்டுக்குப் பல இடங்களை மூடிவிடுவார்கள். பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலையவும் வேண்டாம். 'தக்குஹைபின்' என்ற சேவையில் இன்று கொடுத்தால் நாளை அடுத்த ஊர் விடுதியில் பெட்டி இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே பாதி விடுதலை.

சித்தப்பா மகன் போன வாரம் மறுபடி பேசினான். அலுவலக நண்பர்கள் மூன்று குடும்பம் அடுத்த வருஷம் வரப்போகிறார்களாம். "அதே ஆள்ட்ட சொல்லி வச்சிருக்கேன்க்கா" என்றான். வேண்டாம் தம்பி. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டவேண்டாம் என்று சொல். அந்தத் தாளை எடுத்து, முதலில் தேதியைப் பார்க்கச் சொல், அந்தத் தேதியில் எந்த ஊரில் என்ன இருக்கும் என்று கேட்கச் சொல். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கொடுக்கவேண்டாம். தேதி மே மாதம்தான் என்றால் தாதேயாமா என்று எழுதச் சொல். ஒசாகா கோட்டையை அடித்துவிட்டு ஹிமேஜி என்று எழுதச் சொல். நாராவுக்கு ஒரு முழு நாள் கேட்கச் சொல். மானுக்கு பிஸ்கட் கொடுத்து முடித்ததும், கால் வலித்தாலும் பரவாயில்லை, மெதுவாக உள்ளே போய் அந்தப் புத்தரின் கண்ணை அண்ணாந்து பார்க்கச் சொல்.